ராட்சத ரோபோ அனிமே எல்லாம் வெறும் பொம்மை விளம்பரமா?

மெக்காமணி:

ஸ்டார் ட்ரெக் இழையில நேத்து பாபிலோன்வாசி ஒரு வரி போட்டிருந்தாரு, ரோபோ அனிமேங்கிறது (ஜப்பான் கார்ட்டூன் தொடருங்க) பொம்மை கம்பெனி காசுல ஓடுன அரைமணி நேர விளம்பரம், அதை நல்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்களோட சேத்து வைக்காதீங்கன்னு. அங்க பதில் போட்டா அந்த இழை வேற பக்கம் போயிடும், அதான் இங்க தனியா போடுறேன். நான் ரெண்டையும் ஒண்ணாவே பாத்து வளந்தவன். எண்பதுகள்ல தூர்தர்ஷன்ல ஸ்டார் ட்ரெக்கும் போட்டாங்க, ஜயன்ட் ரோபோவும் போட்டாங்க (அது அனிமே இல்ல, 1967ல ஜப்பான்ல ஆளுங்களை வெச்சு எடுத்தது, 26 எபிசோட்). கடைசி எபிசோட்ல பையன் திரும்பி வா திரும்பி வான்னு கத்தக் கத்த அந்த ரோபோ தானா முடிவெடுத்து வில்லனைத் தூக்கிக்கிட்டு விண்வெளிக்குப் போய் விண்கல்லுல மோதி அழிஞ்சிடும். அதைப் பாத்த எவனும் அதை விளம்பரம்னு சொல்ல மாட்டான்.

சரி, 1979ல வந்த கன்டாம் அனிமேவை எடுத்துக்குவோம். க்ளோவர்னு ஒரு பொம்மை கம்பெனிதான் ஸ்பான்சர், மறுக்கல. ஆனா கதை எப்படி ஆரம்பிக்குது பாருங்க, போர்ல மனுஷ இனத்துல பாதிப்பேர் செத்துட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் உள்ளயே வர்றாங்க. கன்டாம்ங்கிற அந்த ரோபோவை ஓட்டுற பையன் அமுரோ ஒரு கட்டத்துல இனிமே முடியாதுன்னு உக்காந்துடுறான், பொறுப்புல இருக்கிறவன் கன்னத்துல அறையுறான், அந்த அறையுறவனுக்கும் 19 வயசுதான். எதிரிப் பக்கத்துல இருக்கிறவனுக்கும் வீடு, மேலதிகாரி, பயம் எல்லாம் இருக்கு. இப்படி எழுதி எந்தக் குழந்தையும் பொம்மை கேக்கல, அதனாலதான் 52 எபிசோட்னு பிளான் பண்ணதை 43ல நிறுத்துனாங்க.

பாபிலோன்வாசி:

மணி, நான் சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். நீங்க ஒரு நல்ல தொடரைக் காட்டி மொத்த வகையையும் காப்பாத்தப் பாக்குறீங்க.

1972ல மாசிங்கர் இசட் வந்துச்சு, பையன் ரோபோ தலைக்குள்ள உக்காந்து ஓட்டுறது, 92 எபிசோட். 1974ல பாப்பி கம்பெனி அதுக்கு உலோகத்துல பொம்மை போட்டு அள்ளுனதுக்கு அப்புறம் அந்த வகையே ஒரு அச்சுக்குள்ள போயிடுச்சு. வாரம் ஒரு அரக்கன், வாரம் ஒரு சேர்க்கைக் காட்சி, அஞ்சு வண்டி சேந்து ஒரு ரோபோ, கடைசியில ஒரு பெரிய கத்தி, முடிஞ்சது. ஏன் அஞ்சு வண்டி? அஞ்சு பெட்டியா தனித்தனியா விக்கலாம். அந்த சேர்க்கைக் காட்சி ஒவ்வொரு வாரமும் அதே படம் அதே மியூசிக்ல திரும்ப வரும், அது கதைக்காகன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

கன்டாமுக்கே வருவோம். நடுவுல ஜி-ஆர்மர்னு ஒரு விமானம் வந்து கன்டாமோட ஒட்டிக்கும், அது ஸ்பான்சர் கேட்டு நுழைச்சது. 1981, 82ல அதையே மூணு சினிமாவா சுருக்கும்போது அதைத் தூக்கிட்டு கோர் பூஸ்டர்னு வேற ஒண்ணு வெச்சாங்க. தன் கதையோட ஒரு துண்டை டைரக்டர் டொமினோவே கழட்டிப் போடுறாருன்னா அது யாரோட கதை?

இப்ப பாபிலோன் 5ங்கிற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பாருங்க. 110 எபிசோட்ல 92 அதை உருவாக்குன ஸ்ட்ராசின்ஸ்கி ஒருத்தரே எழுதினது. ரெண்டாவது சீசன்ல ஸ்டேஷனுக்குள்ளயே நினைவுப் பொருள் கடை ஒண்ணு திறப்பாங்க, அங்க அதிகாரியா இருக்கிற இவனோவா அதை மூட வெப்பா, ஒரு டெடி பேரைக் கேப்டன் விண்வெளியில வீசிடுவாரு. அந்தக் கரடி நிஜத்துல ஸ்ட்ராசின்ஸ்கிக்குப் பரிசா வந்தது. பொம்மை வியாபாரத்தைப் பத்தி அந்தத் தொடர் என்ன நெனக்குதுன்னு அந்த ஒரு காட்சி போதும்.

மெக்காமணி:

அப்ப ஸ்டார் ட்ரெக்கையும் தள்ளிடுவீங்களா? மூணாவது சீசன்ல 1968ல வல்கன் இனத்து அதிகாரி ஸ்பாக் கழுத்துல ஒரு பதக்கம் போட்டுக்கிட்டு வருவாரு, வட்டமும் முக்கோணமும் சேந்த மாதிரி, வல்கன் தத்துவத்தோட சின்னம்னு. அதைத் தொடரை உருவாக்குன ராடன்பெர்ரி தன்னோட தபால் வியாபாரத்துல விக்கிறதுக்காகத்தான் கதைக்குள்ள கொண்டுவந்தாரு, நடிகர்களே எதிர்ப்பு சொன்னாங்க. இன்னிக்கு ட்ரெக் ரசிகனைக் கேளுங்க, அந்தச் சின்னம்தான் எங்க தொடரோட உயிர்னு சொல்லுவான். விக்க வந்ததாலயே அதுக்கு அர்த்தம் இல்லாமப் போகல பாருங்க.

கம்பர் தன்னை ஆதரிச்ச சடையப்ப வள்ளலை நடுநடுவுல பாட்டுல வெச்சுப் பாடுறாரு. அதுக்காக ராமாயணத்தை வெண்ணெய்நல்லூர் விளம்பரம்னு சொல்லிடுவோமா?

பாபிலோன்வாசி:

சடையப்பர் கம்பர்கிட்ட போய் அனுமாருக்குப் புதுசா ஒரு வண்டி சேருங்க, தீபாவளிக்கு விக்கணும்னு கேக்கல மணி. வித்தியாசம் அங்கதான். காசு குடுக்கிறது வேற, கதைக்குள்ள கை விடுறது வேற. 1986 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சினிமாவுல நல்ல ரோபோங்களோட தலைவன் ஆப்டிமஸ் ப்ரைமைக் கொன்னாங்க, எதுக்கு? பழைய பொம்மையை நிறுத்தி புதுசு இறக்கணும்னு. தியேட்டர்ல குழந்தைங்க அழுதுச்சு. அந்தச் சாவை எழுதினது கதாசிரியர் இல்ல, சரக்குப் பட்டியல்.

சிந்து_வி:

ரெண்டு பேரும் ஜப்பான் அமெரிக்கா ரெண்டையும் தாண்டவே மாட்டேங்கிறீங்க. நான் துபாய்ல வேலை பாக்குறேன், எங்க ஆபீஸ்ல பிலிப்பைன்ஸ்காரங்க நிறையப் பேரு. அவங்ககிட்ட வோல்டஸ் ஃபைவ்னு சொல்லிப் பாருங்க, அம்பது வயசு ஆளுங்க ஜப்பான் மொழியிலேயே அந்தப் பாட்டை முழுசாப் பாடுவாங்க. பாபிலோன்வாசி அண்ணா சொன்ன அந்த அஞ்சு வண்டி அச்சுதான் அது, அச்சு அசலா அதேதான், 1977ல வந்தது, 40 எபிசோட்.

ஆனா கதை என்ன? போசான்னு ஒரு கிரகம். தலையில கொம்பு இருந்தா மேல்குடி, கொம்பு இல்லன்னா அடிமை. கொம்பில்லாமப் பொறந்த ஒருத்தர் அந்த முறையை எதிர்த்து நின்னு தப்பிச்சு பூமிக்கு வர்றாரு, அவரோட பசங்கதான் ரோபோ ஓட்டுறாங்க. அவங்க எதிரி இளவரசன் யாருன்னா அவங்களுக்கே அண்ணன் முறை, அதே அப்பாவுக்குப் பொறந்தவன். கடைசியில அடிமைங்க எழுந்து அரண்மனையைக் கவுக்குறாங்க. பொறப்பால மேல கீழன்னு பிரிக்கிறதைப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், அந்தக் கதையை ஒரு தமிழ்ப் பிள்ளை பாத்தா எங்க வலிக்கும்னு தெரியும்.

1979ல பிலிப்பைன்ஸ்ல மார்கோஸ் அரசு அதைத் தடை பண்ணிடுச்சு, முடியுறதுக்குக் கொஞ்சம் எபிசோட் இருக்கும்போது. ஒரு தலைமுறைக் குழந்தைங்க முடிவைப் பாக்காமலே வளந்துச்சு. 2023ல அந்த ஊர் டிவியே ஆளுங்களை வெச்சு அதைத் திரும்ப எடுத்துச்சு. வெறும் பொம்மை விளம்பரத்தை இத்தனை வருஷம் ஒரு நாடு மனசுல வெச்சிருக்காது.

பாபிலோன்வாசி:

சகோதரி, அந்தத் தடைக்கு அரசு சொன்ன காரணம் வன்முறை அதிகம்னு பெத்தவங்க புகார்ங்கிறது. புரட்சிக்குப் பயந்துதான் நிறுத்துனாங்கன்னு மக்கள் நம்புறாங்க, ராணுவச் சட்டம் இருந்த காலம், நம்புறதுல நியாயம் இருக்கு. ஆனா சர்வாதிகாரி தடை பண்ணதுனால ஒரு தொடர் தரமானதாயிடாது. 40 எபிசோட்ல போசான் சமூகத்தைப் பத்திப் பேசுற நேரத்தையும் அரக்கனை வெட்டுற நேரத்தையும் பிரிச்சுப் பாருங்க. நல்ல விதை இருந்துச்சு, அதுக்கு மண்ணு குடுக்கல, அதைத்தான் நான் சொல்றேன்.

சிந்து_வி:

வாராவாரம் வெட்டுனதாலதான் அண்ணா குழந்தைங்க பாத்துச்சு, பாத்ததாலதான் அந்தக் கொம்பு விஷயம் அவங்க மண்டைக்குள்ள போச்சு. பெரியவங்களுக்கு மட்டும் ராத்திரி பத்து மணிக்குப் போட்டிருந்தா ஆறு வயசுப் பிள்ளைக்கு அது போய்ச் சேந்திருக்குமா?

ஜீரோகிராவிட்டி:

யாரும் சயின்ஸைத் தொடலையே. 18 மீட்டர் உயரத்துல ரெண்டு காலு வெச்ச இயந்திரம் போர்ல நிக்காது. உயரத்தைப் பத்து மடங்கு ஆக்கினா எடை ஆயிரம் மடங்கு ஆகும், பாதத்தோட பரப்பு நூறு மடங்குதான் ஆகும், அப்ப மண்ணுல அழுத்தம் பத்து மடங்கு, கால் பொதையும். கன்டாம்ல மினோவ்ஸ்கி துகள்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு அது ரேடாரைக் கெடுத்துடும்னு சொல்லி எல்லாரையும் கைகலப்புக்குக் கொண்டுவர்றாங்க. ரோபோ முதல்ல, அறிவியல் அப்புறம். பாபிலோன் 5ல ஸ்டார்ஃப்யூரிங்கிற சண்டைக் கப்பல் அப்படி இல்ல, எஞ்சினை அணைச்சுட்டு அதே வேகத்துல போயிக்கிட்டே அப்படியே திரும்பி பின்னால வர்றவனைச் சுடும், நியூட்டன் சொன்னபடி.

மெக்காமணி:

ஜீரோ தம்பி, ஸ்டார் ட்ரெக் டிரான்ஸ்போர்ட்டர் எப்படி வந்துச்சு? வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்ட பட்ஜெட் இல்ல, அதனால ஆளை ஒளியாக்கி அனுப்பிட்டாங்க. காசு முதல்ல, அறிவியல் அப்புறம். அதை ஏத்துக்கிட்ட மனசு மினோவ்ஸ்கி துகளை ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?

அப்புறம் கன்டாம்ல மக்கள் குடியிருக்கிற இடம் எங்கேருந்து வந்துச்சு? ப்ரின்ஸ்டன்ல இருந்த ஜெரார்ட் ஓ'நீல்ங்கிற இயற்பியல் பேராசிரியர் எழுபதுகள்ல போட்ட திட்டம். சுத்துற பெரிய உருளை, உள்சுவர்ல ஊரு, வயலு, சுழற்சியில வர்ற ஈர்ப்பு. 1979லயே குழந்தைங்க டிவியில அதை வெச்சு, அதுல ஒண்ணை பூமி மேல தள்ளுனா என்ன ஆகும்னு காட்டிட்டாங்க. பாபிலோன் 5 ஸ்டேஷனும் அதே ஓ'நீல் உருளைதான், அஞ்சு மைல் நீளம். ரெண்டு தொடரும் ஒரே ஆளோட வரைபடத்துல குடியிருக்கு!

புதுசா_வந்தேன்:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், கன்டாம் எங்கேருந்து ஆரம்பிக்கிறது? 79 தொடரோட படம் ரொம்ப பழசா தெரியுது.

சிந்து_வி:

மூணு சினிமாலேருந்து ஆரம்பிப்பா, மூணாவது படத்துல விண்வெளிக் காட்சி நிறைய புதுசா வரைஞ்சது.

மெக்காமணி:

வேணாம் தம்பி, தொடரையே பாரு. சினிமாவுல சுருக்கும்போது சின்னச் சின்ன கதையெல்லாம் போயிடும், 14வது எபிசோட் அதுல ஒண்ணு, அதுக்காகவே சொல்றேன்.

பூமியில எங்கயோ ஒரு மூலையில மாட்டிக்கிட்ட எதிரிச் சிப்பாய்ங்க கொஞ்சப் பேரு. ஏதாவது பெருசா சாதிச்சாத்தான் ஊருக்குப் போக முடியும்னு நெனச்சு, ரோபோ கூட சரியா இல்லாம, பறக்குற பைக்குல வந்து கன்டாம் உடம்பெல்லாம் நேரம் வெச்ச வெடிகுண்டை ஒட்டிட்டுப் போயிடுறாங்க. அமுரோ கன்டாம் மேல ஏறி ஒவ்வொரு குண்டாத் தேடிக் கையால கழட்டுறான். சண்டை இல்ல, பெரிய கத்தி இல்ல, ஒரு பையன், கருவி, வேர்வை, ஓடுற நேரம். தூரத்துலேருந்து பைனாகுலர்ல அந்தச் சிப்பாய்ங்களும் பாத்துக்கிட்டிருக்காங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சாதாரண ஊர்க்காரங்க மாதிரி உடுப்பு மாத்திக்கிட்டு வந்து, அந்தக் குண்டைக் கழட்டினவன் யாருன்னு அவன் மூஞ்சியைப் பாத்துட்டு, ஜாக்கிரதையா இருன்னு சொல்லிட்டுப் போறாங்க. கொல்ல வந்தவங்க.

பாபிலோன்வாசி, இதுல எந்தப் பொம்மையை வித்தாங்க, சொல்லுங்க. அந்தப் பைக்கையா?

பாபிலோன்வாசி:

அந்த எபிசோட் அருமையான எபிசோட். அதையே என் கட்சிக்கும் சாட்சியா வெக்கிறேன். பொம்மைச் சண்டையை ஒதுக்குன வாரத்துல டொமினோ குழு எவ்வளவு பெரிய கதை சொல்லியிருக்கு பாருங்க. அந்த ஸ்பான்சர் இல்லாம இருந்திருந்தா 43ம் அப்படி இருந்திருக்கும். நான் கலைஞனைக் குறை சொல்லல, அவன் கழுத்துல கட்டுன கயித்தைச் சொல்றேன்.

இன்னொண்ணு, ரசிகனைப் பத்தி. 1968ல ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சு மக்கள் என்பிசி டிவிக்குக் கடிதம் எழுதிக் குவிச்சாங்க, கடைசியில டிவியிலயே தொடர் தொடரும், எழுத வேணாம்னு அறிவிச்சாங்க. பிபிசி தன்னோட டாக்டர் ஹூ தொடர் டேப்பையெல்லாம் அழிச்சப்போ வீட்டுல டிவி முன்னாடி மைக்கை வெச்சு ரசிகருங்க பதிவு பண்ணின சத்தம்தான் இன்னிக்கு மிச்சம், காணாமப் போன அத்தனை எபிசோடுக்கும் ஆடியோ இருக்கு. அது பிரியம். கன்டாமை எது காப்பாத்துச்சு? 1980 ஜூலையில பண்டாய்ங்கிற பொம்மை கம்பெனி போட்ட, நாமளே ஒட்டிச் சேக்குற 300 யென் பிளாஸ்டிக் கிட். அது வியாபாரம்.

மெக்காமணி:

இல்லீங்க, இந்த இடத்துல நான் விடவே மாட்டேன். அந்த 300 யென் கிட்டை வாங்கினவன் யாரு? க்ளோவர் குறிவெச்ச சின்னக் குழந்தை இல்ல. தொடர் நின்னப்புறம், மறுஒளிபரப்புல பாத்து, கதையைப் பத்தி எழுதி, பேசி, அப்புறம் தன் கைக்காசுல வாங்குன ஸ்கூல், காலேஜ் பையன். கத்தரிச்சு ஒட்டி, பெயின்ட் அடிச்சு, போர்ல அடிபட்ட மாதிரி துருவும் கீறலும் போட்டு வெச்சான். ஹீரோ ரோபோவை மட்டும் இல்ல, எதிரியோட பச்சை ஸாக்கு ரோபோ கிட்டையும் வாங்கினான், ஏன்னா அதை ஓட்டுனவனும் மனுஷன்னு அந்தத் தொடர் அவனுக்குக் காட்டியிருந்துச்சு. 1981 பிப்ரவரில ஷின்ஜுகு ஸ்டேஷன் வாசல்ல அத்தனை கூட்டம் கூடுச்சே, பொம்மை வாங்கவா வந்தாங்க? சினிமா வர்றதுக்கு முன்னாடி டொமினோ பேசுறதைக் கேக்க வந்தாங்க. பொம்மை கம்பெனி கதையை உருவாக்கல, கதை ஒரு புது பொம்மைச் சந்தையையே உருவாக்குச்சு. க்ளோவர் 1983ல திவாலாயிடுச்சு, கன்டாம் இன்னும் வந்துக்கிட்டிருக்கு.

கயிறு இல்லாம இருந்திருந்தா எல்லாம் நல்லா இருந்திருக்கும்னு சொல்றீங்களே, உங்க பாபிலோன் 5க்கு கயிறு இல்லையா? அஞ்சு வருஷக் கதைன்னு பிளான் பண்ணி, அஞ்சாவது வருஷம் கிடைக்குமான்னு தெரியாம நாலாவது சீசன்லயே ரெண்டு போரையும் அடைச்சு முடிச்சாரு ஸ்ட்ராசின்ஸ்கி, கடைசி எபிசோடைக் கூட நாலாவது சீசன்லயே எடுத்து வெச்சுட்டாங்க. அஞ்சாவது சீசன் முதல் பாதி எப்படி இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுக்காக அதைத் தள்ளுறீங்களா? மாட்டீங்க, நானும் மாட்டேன்.

பாபிலோன்வாசி:

பாபிலோன் 5ஐ அவசரப்படுத்துனாங்க, ஆனா அதுல வர்ற லண்டோங்கிற பாத்திரத்துக்கு ஒட்டிக்கிற மாதிரி விமானம் கேக்கல. அவசரம் வேற, கலப்படம் வேற. ஷின்ஜுகு கூட்டத்தைப் பத்திச் சொன்னது சரி, அது பிரியம்தான், ஆனா அது டொமினோ ஒரு ஆளுக்குக் கிடைச்ச பிரியம், மொத்த வகைக்கும் இல்ல. நாளைக்கு 1983 வோட்டம்ஸ் எடுத்துப் பேசுவோம், 52 எபிசோட், ஹீரோவுக்குன்னு தனி ரோபோவே கிடையாது, உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுல ஏறுவான். அந்த மாதிரி பத்துத் தொடர் காட்டுங்க, அப்ப பேசலாம்.

மெக்காமணி:

பத்து என்ன, பட்டியலே போடுறேன். சாயங்காலம் வர்றேன்.