தலை தட்டையான குழந்தைக்கு ஹெல்மெட் தேவையா?

எங்கள் 6 மாத மகளுக்குப் பின்னந்தலையின் வலப்புறம் தட்டையாக இருப்பதால், தலைவடிவைச் சீராக்கும் ஹெல்மெட் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இயலவில்லை. இரண்டாம் மாதத்தில் இதைக் கவனித்தோம். உச்சியிலிருந்து பார்த்தால் வலக்காது இடக்காதைவிடச் சற்று முன்தள்ளித் தெரிகிறது. தலையின் இரு மூலைவிட்ட அளவுகளுக்கிடையே 12 மி.மீ. வேறுபாடு உள்ளது. மண்டையோட்டுப் பொருத்துகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டார்.

கழுத்தின் இடப்புறத் தசையில் இருந்த இறுக்கம் பிசியோதெரபியில் தளர்ந்துவிட்டது. குப்புறப் படுக்கவைத்தாலே அழுதவள் இப்போது கையை ஊன்றி மார்பை உயர்த்துகிறாள். தூங்கும்போது மட்டும் மல்லாத்தியே கிடத்துகிறோம், அதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. தட்டை கூடவில்லை, ஆனால் அண்மையில் குறையவும் இல்லை.

ஹெல்மெட்டை நாளுக்கு 23 மணி நேரம் வீதம் சில மாதங்கள் அணிய வேண்டும். தலை வேகமாக வளரும் காலம் கடந்தால் பலன் குறையும் என்பதால் காத்திருக்கவும் தயக்கமாக உள்ளது. 2014-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், ஹெல்மெட் அணிந்த குழந்தைகளுக்கும் அணியாதவர்களுக்கும் 2 வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கழுத்துத் தசை இறுக்கம் உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படாததால், அதை அப்படியே எங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்க்க மனம் துணியவில்லை.

இதே வயதில், ஏறக்குறைய இதே அளவு வேறுபாட்டுடன், கழுத்து இறுக்கம் நீங்கிய பின் ஹெல்மெட் இல்லாமலே காத்திருந்த பெற்றோர் இருந்தால், உங்கள் குழந்தையின் தலைவடிவம் எந்த அளவுக்குத் தேறியது?