கார்பா-ஆர் நெகட்டிவ், கல்ச்சரில் ரெசிஸ்டன்ட்: ஐசோலேஷனை எடுக்கலாமா?

ஐசியூ நர்ஸ், சேலம்:
வேற ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளி. ரெக்டல் (ஆசனவாய்) ஸ்வாப்பில் கார்பா-ஆர், அதாவது மருந்து எதிர்ப்பு ஜீன்களைத் தேடும் பிசிஆர் டெஸ்ட், நெகட்டிவ். சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அசினெட்டோபாக்டர் பாக்டீரியா, மெரோபெனம் ஆன்டிபயாட்டிக்குக்கு ரெசிஸ்டன்ட். எதை நம்புவது?

மைக்ரோ லேப்:
கல்ச்சரைத்தான் சிஸ்டர், ஐசோலேஷனை எடுக்காதீங்க. கார்பா-ஆர் கார்ட்ரிட்ஜ் கேபிசி, என்டிஎம், விம், ஐஎம்பி, ஆக்ஸா-48 என்ற ரெசிஸ்டன்ஸ் ஜீன்களை மட்டும் தேடும். நம்ம நாட்டு அசினெட்டோபாக்டரில் பரவலா இருக்கிற ஆக்ஸா-23 ஜீன் அதில் சிக்கவே சிக்காது.

ஸ்வாப்பையும் பாருங்க. லேசா மலக்கறை தெரிஞ்சா போதும். அப்பிக் கிடந்தா டெஸ்ட் இன்வேலிட் ஆகலாம். ரீஏஜென்ட் குப்பியில் முறிச்சுப் போட்டு 10 விநாடி வோர்டெக்ஸ் (மெஷினில் வேகமா குலுக்கறது), அதிலிருந்து 1.7 மில்லி கார்ட்ரிட்ஜுக்கு. ஒரு மணி நேரத்துக்குள் ரிசல்ட்.

இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்:
இந்தக் கிருமி காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். கட்டில் கம்பி, வென்டிலேட்டர் பட்டன் ரெண்டையும் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் துடைக்கச் சொல்லுங்க சிஸ்டர்.