பள்ளி நூலக பீரோவைத் தரையில் இறக்கிய நாள்

குழு: நம்ம குடும்பம்
சனி, காலை 11.20

வசந்தி: நூலகப் பொறுப்பு இந்த வருடம் எனக்கு வந்தது தெரியுமே. இன்று பள்ளியில் இரண்டு பீரோவையும் திறந்து எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டோம். தும்மல் நிற்கவில்லை.

அத்தை: எதற்கம்மா இறக்கினாய்? தூசி உனக்கு ஆகாதே.

வசந்தி: கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் அத்தை. முன்வரிசை முழுக்க 2018-க்கு முந்தைய பாடத்திட்டத்துக் கைடுகள். புதிதாக வந்த கதைப் புத்தகங்கள் அதற்குப் பின்னால் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. பிள்ளைகள் எப்படி எடுப்பார்கள்?

அத்தை: புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறோம். சரஸ்வதி பூஜைக்கு அடுக்குவதை எடைக்குப் போடலாமா?

முரளி: பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிடு அக்கா. யாராவது படிப்பார்கள்.

வசந்தி: (படம்)
இதைப் பார் முரளி. பொது அறிவுக் களஞ்சியம், 2005-இல் வந்தது. கோள்கள் ஒன்பது. புளூட்டோவை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது 2006-இல். தெலங்கானா இல்லை. தமிழ்நாட்டுக்கு 30 மாவட்டம், இப்போது 38. நம் பிள்ளைக்குத் தப்பு என்றால் அந்த ஊர்ப் பிள்ளைக்கும் தப்புத்தானே?

மீனா அக்கா: சித்தி, நான் கயல். அம்மா போன். போன வருடம் வினாடி வினாவில் 30 என்று எழுதித்தான் தோற்றேன். இந்தப் புத்தகத்தில்தான் படித்தேன் 😔

வசந்தி: கயல்… இதை ஏன் அப்போதே சொல்லவில்லை? இதைக் கேட்டபின் அந்தப் புத்தகத்தை மறுபடி அடுக்க எனக்கு மனம் வராது.

அத்தை: சரி, அதைப் போடு. தப்பாகச் சொல்லிக் கொடுப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

பெரியப்பா: வசந்தி, வருடத்தை மட்டும் பார்த்துக் கழிக்காதே. கதைக்கும் கவிதைக்கும் அந்தக் கணக்கு வேறு. கடைசிப் பக்கத்தில், எடுத்துப் போன தேதிகளைக் குத்தும் தேதிச் சீட்டைப் பார். கிளை நூலகத்தில் நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

வசந்தி: பார்த்தேன் பெரியப்பா. ஒரு கதைத் தொகுப்பில் சீட்டு நிறைந்துபோய் அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அட்டை இல்லை, தைத்த நூல் வெளியே தொங்குகிறது. இன்னொன்று பளபளவென்று புதிதாக இருக்கிறது, 1999-இல் வாங்கியது, சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரசரக்கின்றன.

பெரியப்பா: கிழிந்ததை பைண்டிங்குக்குக் கொடு, முடிந்தால் புதுப் பிரதி ஒன்றும் வாங்கு. பளபளப்பாக இருப்பதைக் கழித்துவிடு. அட்டையைப் பார்த்து இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். நம் சீர்காழி ரங்கநாதன், நூலகவியல் அறிஞர், 1931-இல் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகப் பாடவேளை ஒன்று. அதில் பாதியைக் கைடு நகர்த்தவே செலவழித்தால் பிள்ளை எப்போது படிக்கும்?

வசந்தி: எனக்குப் பயம் பதிவேடுதான். எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து, எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் பீரோவைத் திறந்ததே இல்லையாம்.

பெரியப்பா: தொலைந்தது வேறு, கழித்தது வேறு அம்மா. தொலைவதற்கே மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் இடம் இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 புத்தகம் புழங்கினால் 5 தொலைவது இயல்பு, அலட்சியமோ நேர்மைக்குறைவோ இல்லாதவரை. உங்களுக்கு மாநில விதி, அதனால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேள். இரண்டு மூன்று ஆசிரியர்களாகச் சேர்ந்து பாருங்கள். பதிவு எண், தலைப்பு, விலை, கழிக்கும் காரணம் என்று பட்டியல் போடு. அனுமதி வந்த பிறகு பதிவேட்டில் அதே வரியில் சிவப்பு மையில் குறித்துத் தேதியோடு கையெழுத்து வாங்கு. அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுத்துவிடாதே. பள்ளி முத்திரையின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்று குத்திவிடு.

வசந்தி: இப்போதுதான் மூச்சு வருகிறது பெரியப்பா. இன்னொன்று. ஒரு சின்னக் கட்டு தனியாக வைத்திருக்கிறேன். தும்பிக்கை மாதிரி கொம்பு போட்ட பழைய லை, னை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

அத்தை: நான் படித்த எழுத்து அது! அதைப் போட்டுவிடாதே வசந்தி.

வசந்தி: போடமாட்டேன் அத்தை. பிள்ளைகள் பீரோவில்தான் வைக்கமாட்டேன்.

பெரியப்பா: தலைப்பு, பதிப்பகம், ஆண்டு எழுதி, பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பார். அவர்களிடம் இல்லாத ஒன்று உன் கட்டில் இருக்கலாம்.

முரளி: காலியாகும் இடத்துக்கு என்ன வாங்குவாய் அக்கா? நான் கொஞ்சம் பணம் தருகிறேன்.

வசந்தி: என்ன புத்தகம் வேண்டும் என்று பிள்ளைகளையே சீட்டு எழுதிப் போடச் சொல்லப் போகிறேன். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு வாசிப்புப் படிநிலைப் புத்தகங்களைப் போன மாதம் ஜன்னலோரம் கயிற்றில் தொங்கவிட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து கை ஈரம் காயும் முன்பே வந்து எடுக்கிறார்கள். பீரோவில் இருந்தபோது ஒருவரும் தொட்டதில்லை.

மீனா அக்கா: சித்தி, கயல். செல்போன் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு புத்தகம் வேண்டும். பாம்பு பற்றியும்.

வசந்தி: முதல் சீட்டு உன்னுடையது. அடுத்த சனிக்கிழமை வந்து பட்டியல் எழுது, உன் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பெரியப்பா: நானும் வருகிறேன். பீரோவின் மூலையில் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி இருக்கும், துடைத்துக் காயவிட்ட பிறகு அடுக்கு. முரளி, பூச்சி வராமல் பீரோவில் வைக்க நாட்டு மருந்துக் கடையில் வசம்பு வாங்கி வா.

முரளி: சரி பெரியப்பா. எவ்வளவு?

பெரியப்பா: 100 கிராம் போதும்.

மீனா அக்கா: கயல்தான். சீட்டு மேல் சீட்டு ஒட்டிய அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போகும் முன் ஒரு நாள் எனக்குத் தருவீர்களா சித்தி?

வசந்தி: திங்கட்கிழமை வா. நூல் அறுந்துவிடாமல் பிரி.