கடைக் கணக்குக்குச் சொந்த பேக்கப் சர்வர்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம், பாத்திரக் கடை

நாலு கம்ப்யூட்டர், டாலி (கணக்கு சாஃப்ட்வேர்), பில் ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒன்றரை டிபிதான் என்றால் புது சர்வர் வேண்டாம். ஆபீஸ்களில் கழித்த ஐ5 டெஸ்க்டாப் போதும். டவர் மாடலாகப் பாருங்கள். ஒல்லிப் பெட்டியில் 3.5 இஞ்ச் டிஸ்க் இரண்டு உட்காராது. ராம் 8 ஜிபி, ஓஎஸ்ஸுக்குத் தனியாக 120 ஜிபி எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு 4 டிபி டிஸ்க் இரண்டு. ட்ரூநாஸ் என்ற இலவச சர்வர் ஓஎஸ் போட்டு, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா எழுதும்படி மிரர் செய்தால் சுமார் 3.6 டிபி கணக்கு காட்டும்.

பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம், டிஸ்க்கில் கூடாது. மாடல் நம்பரைப் பார்த்து, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். இன்னொரு வகையான எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் தெரியாது. ஒரு டிஸ்க் போய்ப் புதுசு மாட்டும்போது மிரர் நிரம்ப நாள்கணக்கில் இழுக்கும். அதுவரை ஒற்றை டிஸ்க்கை நம்பித்தான் கடை ஓடும்.

மன்னார்குடி, ரைஸ் மில்

அண்ணே, கரண்ட்டையும் சேர்த்துச் சொல்லணும். மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் சரியும். இன்வெர்ட்டர் மாறும் நொடியிலேயே பெட்டி ரீஸ்டார்ட் ஆகலாம். யுஎஸ்பி வயரால் சர்வரோடு இணையும் 600 விஏ யுபிஎஸ் வைத்து, பேட்டரி இறங்கும்முன் தானே ஷட்டவுன் ஆகும்படி செட் பண்ணுங்கள். உமித்தூசி வரும் கட்டடத்தில் வைக்கவே வேண்டாம். மாதம் ஒரு ஸ்க்ரப், அதாவது டிஸ்க்கில் உள்ள டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓட்டுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 எண் வரிகளின் (கெட்டுப்போன இடங்கள்) கணக்கு ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 (டேட்டா போகும் வழியில் பிழை) ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

திருவாரூர், ஆடிட்டர் ஆபீஸ்

மிரர் பேக்கப் ஆகாது. தப்பாக அழித்தால் இரண்டிலும் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால், நெட்வொர்க் ஷேரில் இருப்பதையும் பூட்டிவிடும். காப்பது ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து ஃபைல்களை மாற்ற முடியாதபடி சர்வர் பிடித்து வைக்கும் நிலை. ராத்திரி எல்லோரும் டாலியை மூடியபின், விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி கட்டளை ஓடி டேட்டாவைச் சர்வருக்குக் காப்பி செய்யட்டும். திறந்திருக்கும்போது எடுத்த காப்பி பாதிக் கணக்கோடு நிற்கலாம். காப்பி முடிந்ததும் ஸ்னாப்ஷாட், 30 நாள் வைத்திருங்கள். ரோபோகாப்பியில் எம்ஐஆர் (மூலத்தில் இல்லாததைச் சர்வரிலும் அழிக்கும் ஆப்ஷன்) போட்டு, மூல ஃபோல்டர் தவறிக் காலியாக இருந்தால் சர்வரையும் காலி செய்துவிடும்; அப்போதும் ஸ்னாப்ஷாட்தான் கை கொடுக்கும். சர்வரின் அட்மின் பாஸ்வேர்டைக் கணக்குக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் சேமிக்காதீர்கள்.

கும்பகோணம், பாத்திரக் கடை

சரிதான் சார். காப்பி வேகம் நொடிக்கு 11 எம்பியில் நின்றால் நெட்வொர்க் கேபிள் முனையைப் பாருங்கள். எட்டில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் கிகாபிட் லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். அப்போது, இரண்டரை மணி நேரத்தில் முடியும் 1 டிபி காப்பி ஒரு நாளைத் தாண்டும்.

நாகப்பட்டினம், ஐஸ் கம்பெனி

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை; அப்படி ஆனால் சர்வரைத் திறக்கவே முடியாது. அதனால் யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி வாராவாரம் மாற்றுங்கள். ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் மேட்டு வீட்டில் இருக்கட்டும். இந்த டிஸ்க்குகளை விண்டோஸ் படிக்கும் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் எழுதுங்கள். ட்ரூநாஸின் இசட்எஃப்எஸ் ஃபார்மேட்டில் இருந்தால் விண்டோஸ் லேப்டாப்பில் நேரடியாகத் திறக்காது. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் டாலியைத் திறந்து, ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா பாருங்கள்.