பிளேட்டிங் செய்த சிலிண்டரில் பளபளப்பை எப்படி எடுப்பது?

கேள்வி:
ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், போர் (சிலிண்டரின் உள் துளை) 76 மி.மீ. புகை அடித்ததால் பிரித்துவிட்டேன். புது பிஸ்டன் ரிங் தயாராக இருக்கிறது. போர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கிராஸ் ஹேட்ச் கோடுகள் (எண்ணெய் தங்குவதற்கான நுண்ணிய குறுக்குக் கோடுகள்) மேல் பக்கம் மட்டும் மங்கல். எக்ஸாஸ்ட் பக்கம் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கீற்று வேறு. டிரில்லில் மாட்டும் மூன்று கல் ஹோன் (போர் சுவரைத் தேய்க்கும் கருவி) கைவசம் உண்டு. அதைப் போரில் ஓட்டலாமா? மேனுவலில் 'நிக்கசில்' என்று போட்டிருக்கிறது.

பதில் 1:
அந்த ஹோனை ஓட்டாதீர்கள், பெட்டியிலேயே இருக்கட்டும் தம்பி. அது வார்ப்பிரும்பு ஸ்லீவுக்கானது (சிலிண்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்). நிக்கசில் என்பது நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள் பதித்த பூச்சு. மொத்தக் கனமே 0.1 மி.மீ.க்குள்தான். புதுக் கோடு போட ஃபேக்டரியில் வைரக் கல் வேண்டும். நமக்கு அந்த வேலையே இல்லை, மேலே படிந்து காய்ந்த எண்ணெய்ப் படலம் போனால் போதும். ஸ்காட்ச் பிரைட் துண்டு, சோப்புத் தண்ணீர், கை. மேலும் கீழுமாகச் சுற்றித் தேயுங்கள். எமரி தாள் வேண்டாம்.

பதில் 2:
கோடு தெரிகிறதென்றால் நான் தொடவே மாட்டேன். கழுவி, ரிங் போட்டு, மூடிவிடுவேன்.

பதில் 1:
கீற்று இருக்கிறதே ஐயா, அதை எப்படி விடுவது?

பதில் 3:
கீற்றில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடாகத் தட்டினால் பிஸ்டன் அலுமினியம் ஒட்டியிருக்கிறது. பள்ளமாகத் தட்டினால் பூச்சே போயிருக்கலாம். அதற்கு மறுபூச்சுதான் வழி. மேடு என்றால் காஸ்டிக் சோடா கரைசலைப் பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். அலுமினியம் நுரைத்துக் கரையும், நிக்கலுக்கு ஒன்றும் ஆகாது. நுரை நின்றதும் உடனே தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டியது கரைந்த பிறகும் நுரைத்துக்கொண்டே இருந்தால், அடியில் இருக்கும் சிலிண்டர் அலுமினியத்தையே தின்கிறது என்று அர்த்தம். கேஸ்கெட் முகத்தில் (கேஸ்கெட் உட்காரும் தட்டையான பரப்பில்) ஒரு சொட்டும் படக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் வரும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் தீ கூடாது.

கேட்டவர்:
மேடுதான். இரண்டு முறை தடவியதில் போய்விட்டது, அடியில் பழைய கோடு அப்படியே இருக்கிறது! பிறகு பத்து நிமிடம் ஸ்காட்ச் பிரைட். பளபளப்பு போய் மங்கலாகிவிட்டது. புது ரிங்கைப் பிஸ்டன் தலையால் போருக்குள் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தேன்: 0.30 மி.மீ. மேனுவல் அளவுக்குள் வருகிறது. பெட்ரோலில் துடைத்துவிட்டு மாட்டட்டுமா?

பதில் 1:
பெட்ரோல் எண்ணெயைத்தான் எடுக்கும், தேய்த்த தூள் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். காய்ந்ததும் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மூன்று தடவை கழுவியாயிற்று. துணியில் இன்னும் லேசாகச் சாம்பல்.

பதில் 1:
அப்போ நாலாவது தடவை.