இரண்டு ஏர்லைன்ஸ் இணைந்தபோது சீனியாரிட்டியும் சம்பள ஒப்பந்தமும் என்ன ஆயின? உங்கள் அனுபவம்

இழை தொடங்கியவர் (கேபின் குரூ, அமெரிக்கா)

எங்கள் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப்போகிறது என்று அறிவிப்பு வந்துவிட்டது. நிர்வாகம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் "இனி நாம் ஒரே குடும்பம்" என்று இருக்கிறது. யூனியன் ஆபீசில் கேட்டால் "பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதோடு சரி. இதைக் கடந்து வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுத முடியுமா? சீனியாரிட்டிப் பட்டியலில் நான் நடுவில் இருக்கிறேன். லைன் (முன்கூட்டியே தெரியும் மாத அட்டவணை) கிடைத்துப் பறந்துகொண்டிருப்பவள் மறுபடி ரிசர்வுக்கு (கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருக்கும் முறை) போய்விடுவேனோ என்று நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

முன்னாள் பேச்சுவார்த்தைக் குழு உறுப்பினர்

ஒரு இணைப்பின்போது கேபின் குரூ தரப்பில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு வரப்போவது ஒரு பஞ்சாயத்து இல்லை, இரண்டு. ஒன்று, இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே வரிசையில் நிறுத்தும் சீனியாரிட்டிப் பட்டியல். மற்றது, இரண்டு ஒப்பந்தங்களையும் ஒன்றாக்கும் கூட்டு ஒப்பந்தம். முதலாவதில் நிர்வாகத்துக்குப் பெரிய அக்கறை கிடையாது, யார் முன்னால் நின்றாலும் அவர்களுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே சண்டை தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும். பணச் சண்டை இரண்டாவதில்.

கூட்டு ஒப்பந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று வெளியே இருப்பவர்கள் கற்பனை செய்வதே வேறு. மேசையைத் தட்டி யாரும் கத்துவதில்லை. ஹோட்டலில் இரண்டு அறை எடுத்திருப்பார்கள். பெரிய அறையில் எதிரெதிரே உட்கார்ந்து தாளைக் கொடுப்போம், அவர்கள் வாங்கிக்கொண்டு தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள். பல மணி நேரம் கழித்து அதே தாள் இரண்டு சொல் மாறித் திரும்பி வரும். "செய்ய வேண்டும்" என்று நாங்கள் எழுதியது "செய்ய முயலும்" என்று ஆகியிருக்கும். அவர்கள் பக்கம் ஓரத்தில் ஒருவர் லேப்டாப்போடு இருப்பார், வாயே திறக்க மாட்டார். அவர்தான் அந்த அறையிலேயே முக்கியமான ஆள். நாம் கேட்கும் ஒவ்வொன்றுக்கும், ஓய்வு நேரத்தில் அரை மணி கூடுதல் என்றாலும்கூட, ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார். நமக்கும் அப்படி ஒருவர் இல்லையென்றால் அவர்கள் சொல்லும் கணக்குத்தான் கணக்கு. நல்ல செலவுக் கணக்காளர் இல்லாத யூனியன் பேச்சுவார்த்தைக்கே போகக்கூடாது என்பது என் கட்சி.

ஆனால் இந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே பாதி முடிவாகியிருக்கும். பேச்சுவார்த்தை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் யார் தீர்ப்புச் சொல்வது, அவர் எந்த எல்லைக்குள் சொல்லலாம், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் ஒரு நடைமுறை ஒப்பந்தம் போடுவார்கள். சில பக்கம்தான். சம்பள அட்டவணை அதில் இருக்காது என்பதால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யூஎஸ் ஏர்வேஸும் 2013 டிசம்பரில் இணைந்தன. அடுத்த ஆண்டு கேபின் குரூவுக்கான கூட்டு ஒப்பந்தம் 2014 நவம்பரில் ஓட்டுக்கு வந்தது. பதிவானது 16,000 ஓட்டுக்கு மேல். 16 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. சாதாரண காலமாக இருந்தால் மறுபடி மேசைக்குப் போயிருப்பார்கள். ஆனால் ஓட்டில் தோற்றால் கட்டாய நடுவர் தீர்ப்பு, அந்தத் தீர்ப்பும் போட்டி நிறுவனங்களின் சராசரியைத் தாண்டக் கூடாது என்று முன்பே கையெழுத்தாகியிருந்தது. அந்த எல்லை, நிராகரித்த ஒப்பந்தத்தைவிட ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் கீழே. வேலைநிறுத்தத்துக்கும் வழியில்லை. டிசம்பரில் நடுவர் வழியாகவே ஒப்பந்தம் வந்தது.

வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலருக்கு அந்த ஒப்பந்தத்தின் வேலை விதிகள் பிடிக்கவில்லை, தெரிந்தேதான் போட்டார்கள். ஆனால் "வேண்டாம் என்றால் இன்னும் நல்லதாகக் கொண்டுவருவார்கள்" என்று நம்பிப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். நான் உட்கார்ந்த இடத்திலும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பழைய அனுபவம் அப்படிச் சொல்லும். இணைப்புக் காலத்தில் அது எடுபடாது.

இழை தொடங்கியவர்

16 ஓட்டா? எங்கள் பேஸில் (நாங்கள் பணி தொடங்கும் விமான நிலையத்தில்) ஒரு வேனுக்குள் அத்தனை பேர் உட்காருவோமே.

விமானி (கேப்டன்)

கேபின் குரூவாச்சும் பரவாயில்ல. பைலட்டுங்க பட்டியல் சண்டை போட்டா தலைமுறைக்கும் நிக்கும். நானும் ஒரு இணைப்புல மாட்டினவன்தான், எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன், சொன்னா இங்கயே சண்டை வரும்.

பட்டியல் போட மூணு வழி. சேர்ந்த தேதிப்படி அடுக்கலாம். இல்ல, அவங்க பட்டியல்ல முதல் பத்து சதவீதத்துல இருக்கறவரும் நம்ம பட்டியல்ல முதல் பத்து சதவீதத்துல இருக்கறவரும் ஒண்ணா வரட்டும்னு விகிதப்படி கோர்க்கலாம். அதுவும் இல்லன்னா பெரிய விமான கேப்டன், சின்ன விமான கேப்டன், ஃபர்ஸ்ட் ஆபீசர்னு பதவி வாரியாப் பிரிச்சு அதுக்குள்ள கலக்கலாம். வயசான கம்பெனிக்காரன் தேதி கேப்பான். புதுசா வளர்ந்த கம்பெனிக்காரன் விகிதம் கேப்பான். ரெண்டு பேரும் "இதுதான் நியாயம்"னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவான், ரெண்டு பேரும் நெசமாவே அதை நம்புவான். அதுதான் பிரச்சினையே.

யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005ல சேர்ந்தாங்க. 2007 மே மாசம் ஜார்ஜ் நிக்கோலாங்கற நடுவர் தீர்ப்புக் கொடுத்தார். பெரிய விமானம் ஓட்டின யூஎஸ் ஏர்வேஸ் சீனியர் 500 சொச்சம் பேரை மேல வெச்சார், மத்தவங்களை விகிதப்படி கோர்த்தார், லே-ஆஃப்ல இருந்த யூஎஸ் ஏர்வேஸ் ஆளுங்களை அடியில போட்டார். யூஎஸ் ஏர்வேஸ் பக்கம் பதினாறு, பதினேழு வருஷம் சர்வீஸ் இருந்தும் பட்டியல்ல கடைசில இருந்தவங்க, அந்தப் பக்கம் இப்பதான் சேர்ந்தவங்களோட போய் நின்னாங்க. அவங்க என்ன செஞ்சாங்க? யூனியனையே மாத்திட்டாங்க. 2008ல தேர்தல் வெச்சு, பழைய பைலட் யூனியனான அல்பாவை வெளிய அனுப்பி, சேர்ந்த தேதியைக் கொள்கையா வெச்ச புது யூனியனைக் கொண்டுவந்தாங்க. எண்ணிக்கையில அவங்கதான் அதிகம்.

விளைவு என்னன்னா, கூட்டு ஒப்பந்தம் வந்தாத்தான் அந்தப் பட்டியல் அமலுக்கு வரும். அதனால கூட்டு ஒப்பந்தமே வரல. கிழக்குப் பைலட் (பழைய யூஎஸ் ஏர்வேஸ்) தனி, மேற்குப் பைலட் (அமெரிக்கா வெஸ்ட்) தனி, ஒரே கம்பெனி, ரெண்டு சம்பளம். இதுல யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க. கோர்ட்டு, அப்பீல்னு இழுத்து, அமெரிக்கனோட இன்னொரு இணைப்பும் வந்து, கடைசியா மூணு தரப்பையும் சேர்த்து ஒரே பட்டியல் நடுவர் குழுகிட்ட இருந்து 2016 செப்டம்பர்லதான் வந்துச்சு. 2005ல ஆரம்பிச்ச பஞ்சாயத்து!

விசாரணை எப்படி இருக்கும்னு கேட்டா, கோர்ட்டு மாதிரிதான், அங்கி மட்டும் இல்ல. தட்டச்சு பண்றவர், ஆவணக் கோப்பு மலை மாதிரி, ஆளுக்கொரு பொருளாதார நிபுணர். நான் கேட்ட விசாரணையில முழுக்க முழுக்க ஒரே கேள்விதான்: இணைப்பு நடக்காம இருந்திருந்தா இந்த ஆளோட எதிர்காலம் என்னவா இருந்திருக்கும்? எத்தனை புது விமானம் ஆர்டர் போட்டிருந்தாங்க, எத்தனை பேர் ஓய்வு பெறப்போறாங்க, கம்பெனி திவாலாகி இருக்குமா. நம்ம கம்பெனி தேறியிருக்காதுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் வரைபடம் போட்டுக் காட்டுவார். அதைக் காக்பிட்டுக்குள்ள நாளைக்கு நம்மகூட உக்காரப்போற ஆளுங்கதான் எழுதிக் கொடுத்திருப்பாங்க. உக்காந்து கேக்கணும்.

தரைப் பணி, பராமரிப்பு மெக்கானிக்

கேப்டன் சார் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். "வேலி"ன்னு ஒண்ணு வெப்பாங்க. இத்தனை வருஷத்துக்கு அந்த பேஸ், அந்த விமானம் பழைய கம்பெனி ஆளுக்கு மட்டும், மத்தவன் சீனியரா இருந்தாலும் உள்ள வர முடியாது. எங்க ஷாப்ல பட்டியல் எனக்குப் பாதகமா வந்துச்சு, ஆனா வேலி இருந்ததால பகல் ஷிஃப்ட் தப்பிச்சுது. வேலி முடிஞ்ச அடுத்த ஷிஃப்ட் பிட்டுல (சீனியாரிட்டிப்படி ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கறது) தாளைப் பாத்தா, எனக்கு மேல தெரியாத பேரா வரிசையா இருக்கு. நைட்டுக்குப் போயிட்டேன். இன்னும் நைட்டுதான். அதனால பட்டியலை மட்டும் பாக்காதீங்க, வேலி எத்தனை வருஷம்னு பாருங்க.

இன்னொரு கேபின் குரூ, ஓய்வு பெற்றவர்

அடியில் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுபவர்களுக்கு ஒரு பழைய கதை. 2001ல் டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. கேபின் குரூ ஆயிரக்கணக்கானவர்களைப் பட்டியலின் அடியில் அப்படியே ஒட்டிவிட்டார்கள். இருபது, முப்பது வருட சர்வீஸ்காரர்கள் புதியவர்களுக்கும் கீழே. அந்த ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தது, அடியில் இருந்தவர்கள்தானே முதலில் போவார்கள்? சில வருடங்களில் ஏறக்குறைய எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2007 டிசம்பரில் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் வந்தது. இணைக்கும்போது "நியாயமாகவும் சமமாகவும்" செய்ய வேண்டும், முடியாவிட்டால் நடுவரிடம் போகலாம் என்கிறது அது. இரண்டு பக்கமும் ஒரே யூனியன் என்றால் அந்த யூனியனின் சொந்த விதியே போதும் என்றும் சொல்கிறது. உங்கள் இரண்டு நிறுவனத்திலும் ஒரே யூனியனா, வேறு வேறா? அதை முதலில் சொல்லுங்கள்.

அவசரமாக எல்லாம் மாறிவிடும் என்றும் பயப்பட வேண்டாம். யுனைடெட்டும் கான்டினென்டலும் 2010ல் இணைந்தன. கேபின் குரூ கூட்டு ஒப்பந்தம் 2016ல்தான் நிறைவேறியது. இரு தரப்பும் கலந்து ஒரே விமானத்தில் பறக்கத் தொடங்கியது 2018 அக்டோபரில்.

தொழிலாளர் வழக்கறிஞர் (இந்தியா)

இங்கே நிலைமை வேறு. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007ல் இணைக்கப்பட்டபோது, காகிதத்தில் ஒரே நிறுவனம் ஆனதே தவிர, இரண்டு தரப்பு விமானிகளுக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனிச் சம்பள முறை. 2011ல் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நீதியரசர் தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தார்கள், 2012 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. அதே 2012ல் பழைய ஏர் இந்தியா தரப்பு, புதிய 787 விமானப் பயிற்சியை மற்றத் தரப்புக்கும் கொடுப்பதை எதிர்த்து, மே முதல் ஜூலை வரை 58 நாள் வேலைநிறுத்தம் நடத்தியது. முதல் சண்டை பணம், அடுத்த சண்டை யார் எந்த விமானத்தை ஓட்டுவது. மேலே கேப்டன் சொன்ன அதே வரிசைப் பிரச்சினைதான், நடுவர் இல்லாமல்.

இந்தியாவில் முதலில் தொழிலாளர் ஆணையர் முன்னால் சமரசப் பேச்சு. நான் அமர்ந்த அறைகளில் நிர்வாகம் பெரும்பாலும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒரு மனிதவள அதிகாரியைத்தான் அனுப்பும். அவர் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார், தேதி தள்ளிப்போகும். ஆனால் விமானம் நின்றுவிட்டால் அதே அறை சுறுசுறுப்பாகிவிடும். 2024 மே மாதம், ஏஐஎக்ஸ் கனெக்டோடு (முன்பு ஏர் ஏசியா இந்தியா) இணைப்பு நடந்துகொண்டிருந்தபோது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் குரூ திரளாக உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். 25 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேசி, சில நாட்களிலேயே நீக்கியதைத் திரும்பப் பெற்றார்கள், ஊழியர்களும் பணிக்குத் திரும்பினார்கள். அமெரிக்க நண்பர்கள் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டாம். விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும் உங்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து 30 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. திரளான நோய் விடுப்புக்கு நீதிமன்றத் தடை உடனே வரும்.

இழை தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் வேறு வேறு யூனியன். நடைமுறை ஒப்பந்தத்தைக் கேட்டேன், "இன்னும் இறுதியாகவில்லை" என்றார்கள். ஆனால் பட்டியல் வந்துவிட்டது, சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயருக்கு எதிரே இருப்பது பயிற்சி முடித்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி இல்லை. சில வாரம் குறைகிறது. இது தவறா?

முன்னாள் பேச்சுவார்த்தைக் குழு உறுப்பினர்

இன்னும் இறுதியாகவில்லை என்றால் நல்லதுதான், இப்போது கேட்டால்தான் உண்டு. ஓட்டில் தோற்றால் பழைய ஒப்பந்தமே தொடருமா, நடுவருக்குப் போகுமா, போனால் அவருக்கு உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பேஸ் கூட்டத்தில் கேளுங்கள், பதில் பதிவாகும்.

தேதி விஷயம்: உங்கள் வகுப்பில் பயிற்சி முடித்த எல்லோருக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லோருக்கும் என்றால் உங்கள் ஒப்பந்தத்தின் விதியே அதுவாக இருக்கும். அப்போது எதிர்ப்பக்கத்தில் எந்தத் தேதியை எண்ணுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அவர்கள் பயிற்சியின் முதல் நாளை எண்ணி, நீங்கள் கடைசி நாளை எண்ணினால், உங்கள் குழு முழுக்க அவர்களுக்குப் பின்னால் தள்ளிப்போகும். அதை உங்கள் இணைப்புக் குழுவிடம் உடனே சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் எழுத்துப்பிழை, பணி நியமனக் கடித நகலோடு ஆட்சேபம் கொடுங்கள். பட்டியலுக்கு இரண்டு பக்கமும் ஒப்புதல் போட்டுவிட்டால் நடுவர் அதைத் தொட மாட்டார். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்று போட்டிருக்கிறதா?

இழை தொடங்கியவர்

வெள்ளிக்கிழமை. எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் இப்போதுதான் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் சொன்ன மூன்று பேருக்கும் பயிற்சியின் கடைசி நாள்தான் போட்டிருக்கிறது.