அமெரிக்காவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: ஆட்டிசம் உள்ள பிள்ளை பத்தி ஸ்கூல்ல இருந்து புகார் வந்தா

பப்ளிக் ஸ்கூல்ல சேர்த்த சில வாரத்துலயே "வரிசையில நிக்க மாட்டேங்கிறான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுறான்"னு போன் வரும். நம்ம ஆட்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுட்டு, சாயங்காலம் பிள்ளையைக் கண்டிக்கிறாங்க. அதனால எதுவும் மாறாது. அன்னைக்கே ஒரு மெயில் போடுங்க.

பிரின்சிபால், ஸ்பெஷல் எஜுகேஷன் பொறுப்பாளர் ரெண்டு பேருக்கும் சேர்த்து அனுப்புங்க. பிள்ளையோட பேர், வகுப்பு, ஸ்கூல்ல என்ன சிரமம்னு எழுதி, "ஐ.டி.இ.ஏ. சட்டப்படி முழு மதிப்பீடு வேணும், எஃப்.பி.ஏ.வும் அதுல சேரணும்"னு கேளுங்க. ஐ.டி.இ.ஏ.ன்னா குறைபாடு உள்ள பிள்ளைங்களோட கல்விக்கான அமெரிக்க மத்திய சட்டம். எஃப்.பி.ஏ.ன்னா அந்த நடத்தை ஏன் வருதுன்னு ஆராயுற மதிப்பீடு. இதுக்குக் கட்டணம் கிடையாது, விசா எதுவா இருந்தாலும் உரிமை உண்டு. ஸ்கூல் ஒத்துக்கிட்டா சம்மதப் படிவம் வரும். அதுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கெடு ஓடும். அதனால படிவத்தை வீட்டுல வச்சுக்காதீங்க. மத்திய சட்டத்துல கெடு 60 நாள், மாநிலம் தனியா வச்சிருந்தா அதுதான் கணக்கு. டெக்சாஸ்ல பொதுவா 45 பள்ளி நாள்.

"கொஞ்ச நாள் வகுப்புலயே உதவி பண்ணிப் பார்ப்போம், அப்புறம் மதிப்பீடு"ன்னு சொல்வாங்க. உதவி பண்ணட்டும், நல்லதுதான். ஆனா அதைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு மத்திய கல்வித்துறை 2011லயே எழுத்துல சொல்லிடுச்சு. முடியாதுன்னா, ஏன் மறுக்கிறாங்கன்னு காரணத்தோட எழுத்துல கொடுக்கிற பிரையர் ரிட்டன் நோட்டீஸைக் கேளுங்க. அதை அவங்க கொடுத்தே ஆகணும்.

எஃப்.பி.ஏ.வை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஒரு பிள்ளை தினமும் கேன்டீன் வரிசையில தள்ளுறான்னு வைங்க. தள்ளுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன செஞ்சான், பின்னாடி என்ன கிடைச்சுது, இந்த மூணையும் நேரத்தோட பல நாள் குறிக்கணும். சத்தம் தாங்காமத்தான் தள்ளுறான்னு வைங்க. தண்டனைன்னு ஆபீஸ்ல உட்கார வச்சா, அவனுக்கு அமைதியான அறை கிடைச்சுடுது. அடுத்த நாளும் தள்ளத்தான் செய்வான். அதே தள்ளுதல் இன்னொரு பிள்ளைகிட்ட "என்னோட விளையாடு"ங்கிறதா இருக்கலாம். அவனுக்கு விளையாட்டுல சேர எப்படிக் கேட்கணும்னு சொல்லித் தரணும். முதல் பிள்ளைக்கு, கூட்டம் சேர்றதுக்கு 5 நிமிஷம் முன்னாடியே சாப்பாடு வாங்க விடணும், ஹெட்போன் தரணும், "எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்"னு சொல்ற பிரேக் கார்டைக் காட்டினா உடனே வெளிய விடணும். கார்டு காட்டியும் "கொஞ்சம் இரு"ன்னு சொன்னா திட்டம் அங்கேயே உடைஞ்சுடும். தள்ளினாத்தான் வேலை நடக்கும்னு பிள்ளை கத்துக்கிடும்.

தகுதி கிடைச்சா, ஸ்கூலும் நீங்களும் சேர்ந்து பிள்ளைக்குன்னு எழுதுற தனிக் கல்வித் திட்டம்தான் ஐ.இ.பி. அதுல "எல்லாரோடும் நல்லாப் பழகுவான்"னு இலக்கு எழுதினா ஒத்துக்காதீங்க, அதை அளக்க முடியாது. "சத்தம் கூடும்போது, ஒரு நினைவூட்டலுக்குள்ள, 5 தடவையில 4 தடவை பிரேக் கார்டு காட்டுவான்"னு இருக்கணும். யார், வாரத்துக்கு எத்தனை நிமிஷம், எந்த இடத்துல சொல்லிக்கொடுப்பாங்கன்னும் இருக்கணும். "கண்ணைப் பார்த்துப் பேசணும்"ங்கிற இலக்கு இருந்தா நீக்கச் சொல்லுங்க. பல பிள்ளைங்களுக்கு அது வேதனை. நட்புக்கு அது அவசியமும் இல்ல.

— அண்ணா, சென்னையில டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டை ஏத்துப்பாங்களா? மார்க் நல்லா இருக்கு, அதனால ஸ்பெஷல் எஜுகேஷனுக்குத் தகுதி வராதுன்னு டீச்சர் சொல்றாங்க.

ரிப்போர்ட்டைக் கொடுங்கம்மா, அவங்க பரிசீலிக்கணும். ஆனா தகுதியை ஸ்கூல் குழுவும் நீங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும், டாக்டர் சீட்டு மட்டும் போதாது. மார்க்கை மட்டும் வச்சு மறுக்கக் கூடாது. பாஸாகி அடுத்த வகுப்புக்குப் போற பிள்ளைக்கும் தகுதி வரலாம்னு விதியிலயே இருக்கு.

— அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. வீட்டுல தமிழை நிறுத்தச் சொன்னா நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க பேச்சு பின்தங்குதுன்னு ஆய்வுகள்ல தெரியல. பிள்ளைக்குத் தமிழ்தான் வலுவா இருந்தா, மதிப்பீட்டையும் தமிழ்ல செய்யச் சொல்லிக் கேளுங்க. ஐ.இ.பி. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஸ்கூல்தான் ஏற்பாடு பண்ணணும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்க.

அப்புறம், "இன்னைக்கு மனசு சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டா, "இது சஸ்பென்ஷனா?"ன்னு அன்னைக்கே மெயில்ல கேட்டு, நேரத்தையும் குறிச்சு வைங்க. தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல வெளிய வச்சாலோ, அப்பப்ப வீட்டுக்கு அனுப்பினது ஒரே மாதிரியான காரணத்துக்காக வந்து ஒரு பள்ளி வருஷத்துல மொத்தம் 10 நாளைத் தாண்டினாலோ, அந்த நடத்தை ஆட்டிசத்தால வந்ததான்னு கூடிப் பேசியே ஆகணும். ஆமான்னா, ஆயுதம், போதைப்பொருள், பலத்த காயம் மாதிரி விஷயங்களைத் தவிர, பிள்ளையைப் பழைய வகுப்புக்கே திரும்பச் சேர்க்கணும். ஐ.இ.பி. இன்னும் கிடைக்காத பிள்ளைக்கும், சம்பவத்துக்கு முன்னாடியே பெற்றோர் எழுத்துல மதிப்பீடு கேட்டிருந்தா, பொதுவா இந்தப் பாதுகாப்பு உண்டு. மெயிலை இன்னைக்கே போடச் சொல்றது அதுக்கும்தான்.